தவறாமல் வரவும்

இருபத்தேழு. பச்சை மையால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இப்போதுதான் பத்தொன்பது போயிருக்கிறது, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பார்த்தாலும் ஒன்றரை மணித்தியாலம் இந்தக் கதிரையில் இருக்க வேண்டும், இருக்கலாம், இருப்பதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, இந்த நாட்டுக்கு வந்த இருபத்தெட்டு வருஷமும் அதைத்தானே செய்திருக்கிறேன். கதிரை என்று வாய்விட்டுச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், இங்கே அது நாற்காலி, தேத்தண்ணி இங்கே டீ, மணித்தியாலம் இங்கே மணி நேரம். என் மகள் கௌசிகா இதையெல்லாம் நடக்கப் பழகும்போதே பழகிவிட்டாள், வெளியே அவர்களுடைய தமிழ், முகாம் வீட்டுக்குள் எங்களுடைய தமிழ், வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோலக் கழற்றி மாட்டிக்கொள்வாள். இப்போது என் பக்கத்தில் இருந்து கோப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள். எல்லாக் காகிதமும் இருக்கிறது. நேற்றும் இருந்தது. இருபத்தோராம் திகதி நாற்பத்திரண்டு பேரை விமானத்தில் இலங்கைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், அந்தப் பட்டியலில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், இன்றைக்கு இந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் இருப்போம், போடாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பஸ்ஸில் வரும்போது காதோடு சொன்னாள், “அம்மா, உள்ளுக்கை போனதும் அந்தப் பேரைப் பற்றிக் கேட்பினம். இறந்திட்டார் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒரு சொல்லும் வேண்டாம்.” அந்தப் பேர் என்றுதான் அவள் சொல்வாள். பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு போட்ட பேர். அவளுடைய அண்ணன், என் மூத்த பிள்ளை, நிருபன். நான் தலையை ஆட்டினேன். ஒரு சொல்தானே, சொன்னால் போகிறது, கொட்டாவி விடுவதற்குக்கூட அதைவிட அதிகம் வாயைத் திறக்க வேண்டும்.

எதிரே சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை. அகதிகள் குறித்த நாளில் தவறாமல் நேரில் வரவும். தவறினால் பெயர் நீக்கம் செய்யப்படும். இதை நான் எத்தனையாவது தரம் வாசிக்கிறேன் என்று தெரியவில்லை, கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் திரும்ப அதில்தான் வந்து இருக்கிறது. தவறாமல். தவறினால். என்ன சொல்லடா இது, எங்கே பார்த்தாலும் நிற்கிறது. கௌசிகாவின் கைத்தொலைபேசியில் தமிழ்தான் வைத்திருக்கிறாள், மடியில் கிடக்கிற அந்தக் கண்ணாடியில் இப்போதும் தெரிகிறது, தவறிய அழைப்புகள் மூன்று. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், இவள் எடுக்கவில்லை, அவ்வளவுதான், அழைப்பு செத்துப்போகவில்லை, திருப்பிக் கூப்பிட்டால் அந்தப் பக்கம் ஆள் இருக்கும். கால் தவறி விழுந்தாள் என்கிறோம். பஸ்ஸைத் தவறவிட்டோம் என்கிறோம். என்மேல் என்ன தவறு என்கிறோம். பிறகு ஒரு வீட்டின் முன்னால் சாவுக்கு வாழை கட்டியிருந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரியவர் நேற்றுத் தவறிட்டார் என்கிறோம். ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்தவர்களைப் பிடித்து இந்தக் கதிரையில் இருத்தி வைக்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது. வலிக்கிறது என்று தெரிகிறது, ஆனால் வேறு யாருக்கோ வலிப்பதுபோல இருக்கிறது, கொஞ்சக் காலமாக எல்லாமே இப்படித்தான், சூடான பானையைப் பிடித்தால் கையை எடுக்கவேண்டும் என்று யோசித்துத்தான் எடுக்கிறேன். இருபது உள்ளே போகிறது. வயதான ஒரு மனிதர், வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போகிறார்.

அன்றைக்கும் இப்படி ஒரு வரிசைதான். படகால் இறங்கி, கால் உப்பில் வெந்து, கௌசிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், அவளுக்கு அப்போது ஒரு வயது தாண்டி ஏழெட்டு மாதம். இறங்கிய இடத்து முகாமில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு எழுத்தர், நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. ஊரில் தந்த குடும்ப அட்டையை வாங்கி நாலு பேரையும் வரிசையாக எழுதினார், பரராசசிங்கம், குணேஸ்வரி, நிருபன், கௌசிகா. எழுதிவிட்டு நிமிர்ந்து எண்ணினார். “மூணு பேர்தானே நிக்கிறீங்க, பையன் எங்க?” நான் சொன்னேன், “வாற வழியிலை தவறிட்டான் ஐயா.” அதற்கு முந்திய பதினோரு மாதமும் அந்தச் சொல்லைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன், காண்கிறவர்களிடமெல்லாம், பள்ளிக்கூட வாசலில், கோயில் மடத்தில், கிணற்றடியில், கூட்டத்துக்கை தவறிட்டான், கண்டனீங்களோ, கூட்டத்துக்கை தவறிட்டான், கண்டனீங்களோ. நாக்கு அதற்குப் பழகிவிட்டது. அன்றைக்குக் கடலில் வாந்தி எடுத்த களைப்பில் கூட்டத்துக்கை என்கிற ஒரு சொல்லை விட்டுவிட்டேன். ஒரே ஒரு சொல். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அடக் கடவுளே” என்றார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாவது வரியில் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் இறப்பு என்று எழுதினார். எனக்குக் கண் தெரிந்தது, எழுத்தும் தெரியும், எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இல்லை ஐயா, அப்படி இல்லை, என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் தனக்கு வந்திருந்த டீயை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டார். “குடிம்மா, முதல்ல இதைக் குடி.” நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். வாயில் டீயை வைத்துக்கொண்டு எப்படி அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் எழுதியது பிழை என்று சொல்வது. இவர், என் மனுசன், பக்கத்தில் நின்றார், அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். டீ இனிப்பாக இருந்தது, முழுவதையும் குடித்தேன்.

பிறகு மாதம் இரண்டு தரம் முகாமில் பேர் கூப்பிட்டு எண்ணும்போது அந்தப் பதிவேட்டைத் திறப்பார்கள். அதிகாரியின் விரல் பரராசசிங்கத்தில் நிற்கும், குணேஸ்வரியில் நிற்கும், சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு துள்ளுத் துள்ளிக் கௌசிகாவில் போய் இறங்கும். அந்தத் துள்ளலைப் பார்ப்பதற்காகவே நான் முன்வரிசையில் நின்றிருக்கிறேன். அதிகாரிகள் மாறினார்கள், பதிவேடு பழசாகிப் புதுப் பதிவேடு வந்தது, அதில் படி எடுத்தவர் அந்தக் கோட்டையும் மறக்காமல் படி எடுத்திருந்தார். இருபத்தொன்று. ஒரு பெண், கைக்குழந்தையோடு, குழந்தை மூக்கால் அழுகிறது. வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றுகிறாள், மாற்றும்போது ஒரு கை சும்மா இருக்க வேண்டும், அதைத்தான் நான் பார்க்கிறேன், அந்த ஒரு கையை. பார்க்க வேண்டாம். பலகையைப் பார். குறித்த நாளில் தவறாமல். வேண்டாம் என்றால் வராமலா இருக்கிறது, கூட்டம் வந்துவிட்டது, தொண்ணூற்றைந்து ஐப்பசி, மழை. ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் ஒரு தெருவில் இறங்கி நடந்தது, பாலத்தைத் தாண்ட ஓர் இரவு முழுக்கப் போனது, விடியும்போது நாங்கள் கைதடிப் பக்கம் நின்றோம், முன்னால் முதுகு, பின்னால் முதுகு, பக்கத்தில் யாருடைய குடமோ இடுப்பில் இடிக்கிறது, யாரோ ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள், யாரும் பேசவில்லை, செருப்புச் சத்தமும் மழைச் சத்தமும்தான். இவர் சைக்கிளில் அரிசி மூட்டையையும் தையல் மிஷினின் தலையையும் கட்டித் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டார். என் இடது இடுப்பில் எட்டு மாதக் கௌசிகா, தோளில் பை, வலது கையில் நிருபன். நாலு வயது. அப்பாட்டைப் போறன், அப்பாட்டைப் போறன், சைக்கிளிலை ஏறப்போறன், ஒரு மணித்தியாலமாக ஒரே பல்லவி. கௌசிகா வழுகினாள், மழையில் பிள்ளைகள் மீன்மாதிரி வழுகுவார்கள். பத்து அடி முன்னால் ஒரு சைக்கிள், அதைத் தள்ளுகிறவரின் முதுகில் நீலக் கோடு போட்ட சேட்டு. இவருடைய சேட்டு. நான் தோய்த்து, நான் மடித்த சேட்டு எனக்குத் தெரியாதா. “அந்தா அப்பா, ஓடு” என்றேன். கையை விட்டேன்.

விட்டேன். விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் ஓடினான், கெதியாக ஓடுகிற பிள்ளை, இரண்டு பேருக்கு நடுவால் புகுந்தான், சிவப்புக் காற்சட்டை ஒருதரம் தெரிந்தது, பிறகு ஒரு பாய்ச் சுருட்டு குறுக்கே வந்தது. நான் கௌசிகாவை மாற்றி இடுக்கிக்கொண்டேன். ஆறுதலாக நடந்தேன், கை ஒன்று சும்மா கிடைத்தது சுகமாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது, சுகமாக இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தெருவோரத்தில் மதகில் இவர் இருந்தார். மேலில் சேட்டு இல்லை. அரிசி நனையக்கூடாது என்று சேட்டைக் கழற்றி மூட்டையின்மேல் போட்டிருந்தார், பாலத்தடியிலேயே போட்டுவிட்டாராம். நான் அவருடைய வெறும் மேலைப் பார்த்தேன், அவர் என்னுடைய வெறும் கையைப் பார்த்தார். “நிருபன் எங்கை?” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அப்போது என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா. “கையை விட்டிட்டு ஓடிட்டான்.” அவன் விட்டானாம். நாலு வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போட்டேன், யோசித்துப் போடவில்லை, வாய் தானாகப் போட்டது, ஆனால் பிறகு இருபத்தொன்பது வருஷத்தில் ஒருநாளாவது யோசித்து அதை எடுத்திருக்கலாமே, எடுக்கவில்லை. இவர் அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை, இரண்டாயிரத்துப் பதினொன்று. அவருக்குச் சான்றிதழ் இருக்கிறது, கோப்பில் மூன்றாவது காகிதம்.

“தண்ணி வேணுமாம்மா?” கௌசிகா. வெளியே இருக்கிறோம், ஆகவே அவர்களுடைய தமிழில் கேட்கிறாள். வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். இருபத்துமூன்று போகிறது, இருபத்திரண்டு எப்போது போனது என்று தெரியவில்லை, அதையும் தவறவிட்டேன். தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாவகச்சேரியில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒலிபெருக்கி கட்டிக் காணாமல் போன பிள்ளைகளின் பேரைச் சொன்னார்கள், நாங்களும் எழுதிக் கொடுத்தோம், நிருபன், வயது நாலு, சிவப்புக் காற்சட்டை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவனுக்கு நிருபன் என்று சொல்ல வராது. ரு வராது. பேர் என்ன என்று கேட்டால் நிப்பன் என்பான். இவர் ஊரில் அதை வைத்து அவனைக் கிண்டல் பண்ணுவார், “எங்கையடா நிப்பாய்? சொல்லு பாப்பம், நிப்பியோ ஓடுவியோ?” அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “நிப்பன்!” என்பான், வீடே சிரிக்கும். கூட்டத்தில் தனியாக நிற்கிற பிள்ளையைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் குனிந்து, தம்பி உன்ரை பேர் என்ன, எங்களோடை வாறியோ என்று கேட்டிருப்பார். நிப்பன் என்றிருப்பான். சரி, பிள்ளை இங்கேயே நிற்கப்போகிறதாம், தாய் தகப்பன் பக்கத்தில்தான் நிற்பார்கள் போல, என்று நினைத்துக்கொண்டு அந்த ஆள் தன் மூட்டையைத் தூக்கியிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா. இதை நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இவர் அந்தக் கிண்டலை நினைத்து நினைத்துச் சாவார் என்று சொல்லவில்லை. அல்லது எனக்கே சொல்லச் சக்தி இல்லாமல் இருந்திருக்கும், எது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை.

அன்று முதல் அவனுக்கு வயதைக் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருந்ததில்லை. எட்டு வயதானபோது, எங்கேயாவது நாலு பேர் நடுவில் பள்ளிக்கூடம் போவான் என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டில் யாரையோ அம்மா என்று கூப்பிடுவான், கூப்பிடட்டும். பதினாறில் வந்து நின்றுவிட்டேன். அவனுக்குப் பதினாறு ஆனது இரண்டாயிரத்து ஏழு. பதினெட்டு ஆனது இரண்டாயிரத்து ஒன்பது, அதுவும் சித்திரை போய் வைகாசி. முகாமில் ஆளுக்காள் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி இருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை, நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், உயிரோடு இருக்கிற பதினெட்டு வயதுப் பெடியன் அங்கே என்ன ஆகியிருப்பான் என்று. அன்றைக்குத்தான், ஆண்டவனே மன்னித்துக்கொள், அந்த எழுத்தர் போட்ட சிவப்புக் கோடு சரியாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நாலு வயதில், மழையில், ஒரு வாய்க்காலில், சட்டென்று, அப்படியே முடிந்திருக்கட்டும். பெற்றவள் நினைக்கிற நினைப்பா. நினைத்தேன். அதற்குப் பிறகுதான் இந்த மரத்துப்போதல் வந்தது என்று நினைக்கிறேன், முதலில் விரல் நுனி, பிறகு மற்றதெல்லாம். இவருக்கு அது எதுவும் இல்லை, இவர் அன்றைக்கு அந்த மேசையடியிலேயே பிள்ளைக்குக் கொள்ளிவைத்துவிட்டார் என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஒரு நாள்கூட அவன் பேரை எடுத்ததில்லை. ஐப்பசியில் மட்டும் இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போகாமல், வேறு முகாமில் ஊர்க்காரர் ஆரோ வந்திருக்கினமாம் என்று பஸ் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். குடித்துவிட்டு வருகிறார் என்று நான் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். வாயில் மணம் இருந்ததா என்று ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

“இருபத்தேழு!”

கௌசிகா என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். கால் எழும்பியது, நான் பிறகு எழும்பினேன். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அலுவலர், முப்பது வயது இருக்கும், கௌசிகாவின் வயதுதான், காதில் சின்னதாக ஒரு வெள்ளைக் கல். “உக்காருங்கம்மா. குணேஸ்வரி பரராசசிங்கம் நீங்கதானே?” கோப்பைப் புரட்டினார். “குடும்பத்துல நாலு பேர் பதிவு. கணவர் இறந்ததுக்குச் சான்றிதழ் இருக்கு. பையன் நிருபன், இறப்புன்னு போட்டிருக்கு, ஆனா சான்றிதழ் இல்ல. அதான் நீங்க வாக்குமூலம் குடுக்கணும். மகன் இறந்துட்டான்னு சொல்லி இங்க ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.” கௌசிகா முந்திக்கொண்டாள், “ஆமா மேடம், அம்மா போட்டுடுவாங்க.” பேனாவின் மூடியைக் கழற்றி என் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். பேனா இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. நான் தாளில் வைக்கப் போனேன், வைத்திருப்பேன், சத்தியமாக வைத்திருப்பேன், அந்தப் பெண் “ஒரு நிமிஷம்” என்றார். கோப்பின் அடியில், பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காகிதத்தைப் பிரித்தெடுத்தார். “இதுல ஒரு மனு இருக்கே. ரெண்டாயிரத்து மூணு. பாத்துட்டு சும்மா சேத்து வச்சிருக்காங்க.” நீல மை. சரிந்த எழுத்து. ரகரத்துக்குக் கீழே வால் இழுத்து எழுதுவார், அந்த வால் தலைகீழாகப் பார்த்தாலும் எனக்குத் தெரியும். அந்தப் பெண் வாசித்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி.

“ஐயா, எனது மகன் நிருபன் இறந்ததாகத் தங்கள் பதிவேட்டில் உள்ளது. அவன் இறக்கவில்லை. இடம்பெயர்ந்து வரும்போது கூட்டத்தில் தவறிவிட்டான். புதிதாக வரும் எங்கள் ஊரவர்களிடம் இன்றுவரை விசாரித்து வருகிறேன். பதிவைத் திருத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எனது மனைவி மகன் இறந்துவிட்டதாக நம்பி ஒருவாறு மனதைத் தேற்றி வைத்திருக்கிறார். ஆகையால் இந்த விடயம் அவருக்குத் தெரிய வேண்டாம்.”

கூட்டத்தில். நான் விட்டுவிட்ட அந்த ஒரு சொல்லை அவர் ஏழு வருஷம் கழித்து எடுத்துப் போட்டிருக்கிறார். நான் தேறிவிட்டேன் என்று அவர் நம்பினார், அவர் தேறிவிட்டார் என்று நான் நம்பினேன், பத்துக்குப் பத்து அறையில், ஒரே பாயில், பதினைந்து வருஷம். இரண்டு பேரும் விழித்துக்கொண்டு படுத்திருந்தோம், அடுத்தவர் நித்திரை, எழுப்பக்கூடாது என்று. ஐப்பசியில் பஸ் ஏறிப் போன மனுசனுக்கு நான் சோற்றை மூடி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஆனால் பேனா தெரிந்தது. நடுவிரலில் பேனா அழுத்துவது தெரிந்தது, வெகுநேரம் மடக்கி வைத்திருந்த காலை நீட்டும்போது குத்துமே, அப்படிக் குத்தியது.

“ஏம்மா, இதுல இறந்துட்டான்னு இருக்கு, இதுல காணோம்னு இருக்கு. எது சரி?” என்றார் அந்தப் பெண். பிறகு குரலைக் குறைத்தார், அவரும் நல்ல பிள்ளை. “யோசிச்சுச் சொல்லுங்க. இறந்துட்டான்னா இன்னிக்கே அனுப்பிடலாம். காணோம்னா விசாரணைக்குப் போகும், இருபத்தொண்ணாந் தேதி பட்டியல்ல உங்க பேரு வராது. அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது.” கௌசிகா “அம்மா” என்றாள். அந்த ஒரு சொல்லில் அவளுடைய இருபத்தொன்பது வருஷமும் இருந்தது, அகதி என்று எழுதிய அடையாள அட்டை, பட்டம் வாங்கியும் துணிக்கடையில் பில் போட நிற்கிற கால், ஊர் என்று அவள் ஒருநாளும் பார்த்திராத ஓர் இடம். அவளுக்காகத்தானே கையை மாற்றினேன். இன்னொரு தரமும் மாற்றலாம், ஒரு கையெழுத்துத்தான், இவளைப் பிடித்துக்கொண்டு அவனை விடலாம், செய்து பழகியதுதான். வாயைத் திறந்தேன். “தவறிட்டான்” என்றேன்.

“அதான்ம்மா, தவறிட்டான்னா? இறந்துட்டானா, இல்ல தவற விட்டுட்டீங்களா?”

இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்த எழுத்தர் கேட்கவில்லை, இவர் கேட்கவில்லை, மாதம் இரண்டு தரம் எண்ணியவர்கள் கேட்கவில்லை. “விட்டிட்டன்” என்றேன். “நான்தான் விட்டனான். அவன் கையை விட்டிட்டு ஓடேல்லை. இவளை மாத்தித் தூக்கவேணும் எண்டு நான்தான் கையை விட்டு, அந்தா அப்பா, ஓடு எண்டு அனுப்பினனான். அது அப்பா இல்லை. ஆரோ ஒராள். இவருக்கும் நான் பொய்தான் சொன்னனான்.” பேனாவை மேசையில் வைத்தேன். “காணேல்லை எண்டு எழுதுங்கோ பிள்ளை. இவர் எழுதினதுதான் சரி.”

கௌசிகா என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படட்டும், அவளுக்கு நியாயம் இருக்கிறது, நான் அதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தேன். பிறகு அந்த அலுவலகத்தில், அந்தப் பெண்ணின் முன்னால், எங்களுடைய தமிழில் கேட்டாள். “என்னைத் தூக்கவோ அம்மா அண்ணாவை விட்டனீங்கள்?” அண்ணா என்றாள். நான் ஓம் என்றேன். அவள் கோப்பை எடுத்து மெதுவாக மூடி, நாடாவைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். விமானம் போய்விட்டது, அந்த முடிச்சைப் பார்த்தே எனக்கு விளங்கியது. அந்தப் பெண் மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். பேர் கேட்டார், சொன்னேன். பிறந்த திகதி, சொன்னேன். கடைசியாகப் பார்த்த இடம். உடுப்பு, சிவப்புக் காற்சட்டை, என்று சொல்லிவிட்டு முப்பத்துமூன்று வயது ஆளுக்கு இதை எதற்குச் சொல்கிறேன் என்று வெட்கமாக இருந்தது, அவர் அதையும் எழுதினார்.

“கூப்பிடற பேர் ஏதாவது இருக்காம்மா?”

“நிப்பன்.”

“நிப்பனா?” பேனா நின்றது. “அப்படின்னா?”

இவ்வளவு நேரம் வராத அழுகை இப்போதுதானா வரவேண்டும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கௌசிகா அந்தப் பேரை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறாள். என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, அவர்களுக்குப் புரிகிற தமிழில் சொன்னாள்.

“நிப்பேன்னு அர்த்தம், மேடம். நீங்க வர்ற வரைக்கும் இங்கயே நிப்பேன்னு.”